லயனா, பெட்டிமீனா, பேத்தையா? வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த நஞ்சு ஆகும்?

"விஷமீன்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சங்கதிகளைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். லயன் மீனின் நஞ்சு முள்ளில் இருக்கிறது, குத்தினால்தான் ஏறும். பெட்டிமீனின் நஞ்சு தோலில் ஊறும் வழுவழுப்பில் இருக்கிறது. மீன் மிரண்டால் தண்ணீரில் கலக்கும். பேத்தையின் நஞ்சு ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கிறது; தின்றால்தான் ஆளைக் கொல்லும். முதலாவது தொட்டிக்குள் விடும் கைக்கு ஆபத்து, இரண்டாவது தொட்டிக்கு, மூன்றாவது குசினிக்கு.

திருகோணமலையில் கடல்நீர்த் தொட்டி தொடங்குபவர்கள் லயனின் முள்ளைக் கண்டு பின்வாங்கி, மஞ்சளில் கறுப்புப் புள்ளி போட்ட பெட்டிமீன் குஞ்சை ஆசையாக வாங்கிப் போவதுண்டு. எங்கள் கணக்கில் இது தலைகீழான தெரிவு.

லயனுக்கு நஞ்சுமுள் 18: முதுகில் 13, வயிற்றுச் செட்டைகளில் 2, பின்னடிச் செட்டையில் 3. விசிறி மாதிரி விரியும் பக்கச் செட்டைகளில் நஞ்சே இல்லை. பார்ப்பவர் பயப்படுவது என்னவோ அதற்குத்தான். அது ஆளைத் துரத்திக் குத்தாது. கல்லை நகர்த்தும்போதும் கண்ணாடி துடைக்கும்போதும் வலையில் சிக்கிய மீனைக் கையால் விடுவிக்கும்போதும்தான் குத்து விழுகிறது. ஆகவே வலையைத் தொட வேண்டாம். மீனை அகலவாய்ப் பிளாஸ்ரிக் பாத்திரத்துக்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். பாசியைக் காந்தத் துடைப்பானால் எடுங்கள். தீனியை நீண்ட கொறடால் கொடுங்கள். வாரத்துக்கு மூன்று தடவை இறாலும் கணவாய்த் துண்டும் போதும். கைவிட்டே ஆக வேண்டுமென்றால், லைட்டைப் போட்டு மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு விடுங்கள்.

பெரிய லயன் 38 சென்ரிமீற்றர் வரை வளரும். நாலடிக்கு ஒன்றரையடிக்கு ஒன்றரையடித் தொட்டி சுமார் 250 லீற்றர் பிடிக்கும்; அதற்கு இது அடங்காது. குட்டை லயன் வகைகள் அடங்கும். வாய்க்குள் போகும் எந்த மீனும் அதற்கு இரைதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குத்திவிட்டால்: லயனின் நஞ்சு புரதம், சூட்டில் குலையும். குத்துப்பட்ட இடத்தை ஏறக்குறைய 45 பாகை சுடுநீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் மூன்றரை லீற்றருக்கு, அப்போதுதான் கொதித்த தண்ணீர் ஒரு லீற்றர் ஊற்றிக் கலந்தால் அந்தச் சூடு கிட்டத்தட்ட வரும். காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீற்றர் 42 பாகையோடு நின்றுவிடும். சமையலுக்கு உள்ளதை வைத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் குத்துப்படாத கையால் பதம் பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு விளங்காது. நஞ்சை விட்டுவிட்டு வெந்த புண்ணுக்கு மருந்து கட்ட வேண்டி வரும். ஆற ஆறச் சுடுநீர் சேருங்கள், கையை வெளியே எடுத்துவிட்டு. கயிறு கட்டுவது, கீறி விடுவது, ஐஸ் வைப்பது ஒன்றும் வேண்டாம். பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள்: முள் முறிந்து உள்ளே கிடக்கலாம், ஏற்பு ஊசியும் தேவைப்படலாம். மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ சுடுநீருக்காகக் காத்திருக்கக் கூடாது. ஓரா மீன் குத்தினாலும் இதே வைத்தியம்தான்.

கல்மீனை இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை. கல்லாகவே கிடக்கும் மீனைக் கல் நகர்த்துகிற தொட்டியில் வைப்பது மடத்தனம்; முதுகு முள்ளும் அதே 13தான், ஆனால் நஞ்சுப்பை பெரிது. வெள்ளைக் கோடு போட்ட கடற்கெளிற்றுக் குஞ்சுகள் வேறு ரகப் பொறி. விரல் நீளத்தில் பந்தாகத் திரண்டு ஓடும்போது அழகுதான். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று நஞ்சுமுள், அதுவும் பல் வைத்த முள். வலையில் மாட்டினால் இலேசில் கழராது. வளர்ந்தால் ஓரடி.

இனிப் பெட்டிமீன். இதன் நஞ்சை 1967இல் ஹவாய் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, பெட்டிமீனின் ஹவாய்ப் பெயரான 'பஹு'வை வைத்தே பஹுடொக்சின் என்றார்கள். சவர்க்காரம் போன்ற பொருள் அது. மற்ற மீனின் செவுளைத் தாக்கி இரத்த அணுக்களை உடைக்கும். மூடிய தொட்டியில் கலந்தால், விட்ட பெட்டிமீனும் தப்பாது. எப்போது விடும்? வாங்கி வரும் வழியில், புதுத் தொட்டிக்குள் இறக்கும்போது, கிளாத்தி மாதிரியான முரடன் கடிக்கும்போது, நோயில் சாகும்போது. பையில் வந்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றுவதுதான் பலரும் விடும் பிழை. ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துப் பழக்கி, மீனை மட்டும் பாத்திரத்தால் மாற்றி, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முதல் நாலு கிழமை தனித் தொட்டியில் விடுங்கள்.

ஸ்கிம்மர் (தொட்டி அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) திடீரென நுரை கக்கி, மற்ற மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நிமிடக் கணக்குத்தான். பெட்டிமீனை உடனே வேறு வாளிக்கு மாற்றுங்கள், காற்றுக்கல்லோடு. பாதித் தண்ணீரை மாற்றுங்கள். 250 லீற்றருக்குக் கால் கிலோ அளவில் கழுவிய செயலூட்டிய கரியை வலைப்பையில் போட்டு நீரோட்டத்தில் வையுங்கள். இதற்குக் குறைந்தது 125 லீற்றர் கடல்நீர் எந்நேரமும் கையிருப்பில் இருக்க வேண்டும். நம்மூரில் இங்கேதான் சிக்கல். மாரியில் கொட்டியாரக்குடாவுக்குள் மகாவலி வெள்ளம் இறங்கினால் கரையோரத் தண்ணீரில் உப்புச் செறிவு சரியும், கலங்கலும் ஏறும். அளந்து பார்த்து, ஒப்படர்த்தி (நன்னீரை 1 என்று வைத்து ஒப்பிடும் அடர்த்தி) 1.023க்குக் கீழே இருந்தால் உப்புத் தூள் சேர்த்துச் சரிப்படுத்தாமல் ஊற்றாதீர்கள். கரண்ட் போனாலும் இதே கதைதான்: ஒட்சிசன் குறையக் குறையப் பெட்டிமீன் திணறும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் இல்லாத வீட்டுக்கு இந்த மீன் ஆகாது.

பேத்தைக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம். உயிரோடு இருக்கும்போது தொல்லை அதன் பல்தான்: விரலையும் கடிக்கும், ஹீற்றர் வயரையும் கடிக்கும். பல் தேய, கிழமைக்கு ஓரிரு தடவை ஓட்டோடு மட்டி போடுங்கள். தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கி ஊதும், பிறகு அந்தக் காற்று வெளியேறாமல் சாகலாம். ஆகவே இதற்கும் பாத்திரம்தான். செத்த பேத்தையைப் பூனைக்கோ கோழிக்கோ எறியாதீர்கள். சமைத்தாலும் அதன் நஞ்சு அழியாது, முறிமருந்தும் கிடையாது. ஆழமாகப் புதையுங்கள்.

நாலடித் தொட்டியும் பூட்டு வைத்த மூடியும் உள்ள வீட்டுக்கு எங்கள் தெரிவு குட்டை லயன். கை எட்டும் வயதில் பிள்ளை இருந்தால் அதுவும் இல்லை. ஆறடித் தொட்டி வாங்க முடிந்தால் தனியே ஒரு பேத்தை. பெட்டிமீன், வேறெந்த மீனும் இல்லாத பெரிய தொட்டிக்கு மட்டும். எதை வாங்கினாலும் புறாத்தீவில் பிடித்ததா என்று கேளுங்கள். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, அங்கே மீன் பிடிப்பது குற்றம். தீனி எடுக்கிறதா என்று கடையிலேயே போடச் சொல்லிப் பாருங்கள். செத்த இறாலைத் தொடாத லயனைப் பழக்கக் கிழமைக்கணக்கில் ஆகும், அதுவரை உயிர் இறால் தேடி அலைய வேண்டியது நீங்கள்தான்.