இ-சஞ்சீவனி: பக்கவாதத்துக்குப் பிறகு எவ்வளவு கைகொடுக்கும்?

பக்கவாதம் வந்து வீட்டில் தேறி வருபவரை மாதாமாதம் ஆட்டோவில் ஏற்றி இறக்கி ஓ.பி. வரிசையில் உட்கார வைப்பது அவருக்கும் பாடு, கூடப் போகிறவருக்கும் பாடு. 2020 ஏப்ரலில் மத்திய அரசு பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட, வீட்டிலிருந்தே போனில் டாக்டரைப் பார்க்கும் இ-சஞ்சீவனி சேவை அந்த அலைச்சலில் பாதியைக் குறைக்கிறது. பாதிதான்.

கட்டணம் கிடையாது. மொபைல் எண், ஓ.டி.பி., நோயாளி விவரம், டோக்கன், பிறகு வீடியோவில் டாக்டர். முடிந்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் முன்கூட்டியே போட்டோ எடுத்து வைத்திருங்கள். போன தடவை பார்த்த டாக்டரே வருவார் என்று வெறுங்கையோடு உட்கார்ந்தால், நேரமெல்லாம் பழைய கதையிலேயே போய்விடும்.

பிரஷர் மாத்திரையைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் இது நன்றாகவே உதவும், நீங்கள் சொல்லும் கணக்கு சரியாக இருந்தால். 7 நாள், காலையில் மாத்திரைக்கு முன்னும் இரவிலும், ஒரு நிமிடம் விட்டு இரண்டிரண்டு தடவை எடுத்து எழுதுங்கள். அதற்கு முன் 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி சும்மா உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பிரஷர் கருவியின் பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். வாதம் வந்த கையில் எடுக்கவே கூடாது, தசை இறுக்கத்தால் அளவு மாறிக் காட்டும்.

நடையைக் காட்டச் சொன்னால் பலரும் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார்கள். டாக்டருக்குத் தெரிவதெல்லாம் முதுகும் மின்விசிறியும்தான். போனை இடுப்பு உயரத்தில் சாய்த்து வையுங்கள், வெளிச்சம் போனுக்குப் பின்னாலிருந்து வரட்டும். 3 மீட்டர் தள்ளி, குறுக்காக நடக்கவிட்டு, விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் வர வேண்டும். கால்விரல் தரையை உரசுகிறதா, முட்டி பின்பக்கம் வளைகிறதா என்பது அப்போதுதான் பிடிபடும். கைலியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டாவிட்டால் அத்தனையும் வீண்.

தசை இறுக்கமும் தோள்மூட்டு இறங்குவதும் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். சாப்பிடும்போது புரையேறினாலோ தண்ணீர் குடித்ததும் குரல் கரகரத்தாலோ நேரில்தான் காட்ட வேண்டும். பயிற்சிக்கு, தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மறுபடி வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ டோக்கன் போடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.