எது ‘பவர்’ மருந்து: வான்கோமைசினா, டாப்டோமைசினா?

புதுச்சேரி கோரிமேடு பக்கம் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். கடலூர் முதுநகரிலிருந்து, காலில் சீழ் வைத்த புண்ணோடு ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு பாக்டீரியா) கிருமி என்று கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. மருந்துச் சீட்டை நீட்டிய அவருடைய மச்சான் கேட்டார்: “மேடம், எங்களுக்கு வான்கோ எழுதியிருக்காங்க. பக்கத்து பெட்டுக்கு டாப்டோவாம், விலையும் ஜாஸ்தியாம். அப்போ அதுதானே பவர்?”

நியாயமான சந்தேகம்தான். ஆனால் இந்த இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் பவரை வைத்து அளக்க முடியாது.

இரண்டுமே மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் செய்யும் பொருட்கள். முதல் மழைக்கு எழும் மண்வாசனையைத் தருகிற அதே கூட்டம். வான்கோமைசின் போர்னியோ தீவின் மண்ணிலிருந்து வந்தது. 1958-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டாப்டோமைசினைத் தந்த கிருமி துருக்கியின் அராரத் மலை மண்ணில் கிடைத்தது. முதலில் ஆராய்ந்த நிறுவனம், தசையைக் கெடுக்கிறது என்று அதைக் கைவிட்டது. வேறொரு நிறுவனம் எடுத்து, நாளுக்கு இரண்டு வேளை என்பதை ஒரே வேளையாக்கிப் பார்த்தது. தசைத் தொல்லை குறைந்தது. 2003-இல் அனுமதியும் கிடைத்தது.

இரண்டுமே வளையப் பெப்டைடுகள். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. நூல் மாதிரி நீண்டு கிடக்கும் பெப்டைடை நம் உடம்பின் நொதிகள் நுனியிலிருந்தே நறுக்கித் தள்ளிவிடும். வளைத்துக் கட்டிவிட்டால் அது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் வளையம் பொது. அதில் என்ன தொங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

வான்கோவில் 7 அமினோ அமிலங்கள். பக்கவாட்டில் ஒன்றோடொன்று பின்னிக் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். கிருமி தன் சுவரைக் கட்ட எடுத்துவரும் கல்லின் நுனியில் இரண்டு அலனின் இருக்கும். கிண்ணம் அதைக் கவ்விக்கொள்ளும். கல் கையில் இருந்தும் கொத்தனாரால் வைக்க முடியாது. மெதுவாகக் கொல்லும்.

டாப்டோவில் 13. பத்து வளையமாகும், மூன்று வெளியே நீளும், அந்த நுனியில் பட்டத்து வால்போல ஒரு கொழுப்பு அமிலம். கால்சியத்தின் துணையோடு அந்த வால் கிருமியின் சவ்வுக்குள் இறங்கும். சவ்வு ஒழுக ஆரம்பிக்கும். வேகமாகக் கொல்லும்.

அந்த வாலை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். வான்கோ வெள்ளைப் பொடி; தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கரைந்துவிடும். டாப்டோ வெளிர்மஞ்சள் கட்டி. அதைக் குலுக்கினால் போச்சு, சீசா முழுக்க நுரை! வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீசாவைக் குலுக்கிவிட்டு, நுரை அடங்கும்வரை திட்டு வாங்கியிருக்கிறேன். மெல்லச் சாய்த்து, பத்து நிமிடம் ஓரமாக வைத்து, பிறகு லேசாகச் சுழற்ற வேண்டும். ஒரு பக்கம் கொழுப்பு, ஒரு பக்கம் தண்ணீரோடு சேர்கிற பகுதி, சோப்பின் குணம்.

இதே குணம்தான் நுரையீரலில் அதைக் கவிழ்த்துவிடுகிறது. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு கொழுப்புப் பூச்சு உண்டு. டாப்டோவின் வால் அதில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஆகவே எம்.ஆர்.எஸ்.ஏ. நிமோனியா என்றால் டாப்டோ பேச்சே வேண்டாம், அங்கே வான்கோ.

இதற்கு ஒரு உள்ளூர்க் கிளைக்கதை உண்டு. நம் புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கும் நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையம், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா செய்யும் சர்ஃபாக்டின் என்ற பொருள் கொசுவின் கூட்டுப்புழுவைக் கொல்வதைக் காட்டியிருக்கிறது. அதுவும் கொழுப்பு சேர்ந்த வளையம்தான், அமினோ அமிலம் 7. ஆனால் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். சாக்கடையில் விட ஆகும், நரம்பில் ஏற்ற ஆகாது.

சரி, தொல்லைகள். வான்கோவை அவசரமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். மெல்ல, நேரம் எடுத்துத்தான் ஏற்ற வேண்டும். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாப்டோ தசையைத் தொடும். தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனையை வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறவருக்கு வான்கோவில் ஆரம்பிப்பதில் தப்பே இல்லை. சிறுநீரகம் ஏற்கெனவே ஆட்டம் காண்கிறது, கிருமியோ ரத்தத்தில்: அப்போது டாப்டோவின் விலைக்கு அர்த்தம் இருக்கிறது.

கொலிஸ்டின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் இந்த வளையக் குடும்பம்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் அதன் களம் வேறு. மேல்சவ்வு போர்த்திய கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் வான்கோவும் டாப்டோவும் செல்லாது. அங்கே கொலிஸ்டினும் பாலிமிக்சின் பி-யும்தான் கடைசி அம்பு. இரண்டுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம் வித்தியாசம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொலிஸ்டின், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பாலிமிக்சின் பி. கோழிக்கும் இறாலுக்கும் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை 2019-இல் இந்தியா தடை செய்தது இதைக் காப்பாற்றத்தான்.

மச்சானிடம் இதையெல்லாமா சொன்னேன்? “புண்ணுக்கும் கிட்னிக்கும் பார்த்து எழுதியிருக்காங்க அண்ணே” என்றேன். ஐந்தாம் நாள் கிரியேட்டினின் ஏறியது, டாப்டோவுக்கு மாற்றினார்கள். புதுச் சீட்டோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல மேடம், அதுதான் பவர்னு!”

பதில் சொல்லாமல் சீசாவைச் சாய்த்து ஓரமாக வைத்தேன். பத்து நிமிடம் ஆகும், உட்காருங்கள் என்றேன்.