நாடகம் கற்க: வகுப்பறையா, பட்டறையா, ஜமாவா?

கல்லூரி விழாவில் ஒரு நாடகம் போட்டுக் கைதட்டு வாங்கிய மாணவர்கள், இதை முறையாக எங்கே கற்கலாம் என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் நடிப்பை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். ஒளி, ஒப்பனை, உடை, மேடை என்று நாடகமாக்கும் வேலை முழுவதையும் சேர்த்து எடைபோட்டால் விடை கொஞ்சம் மாறும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடகப் பள்ளி அமைந்தபோது அதன் முதல் இயக்குநர் இந்திரா பார்த்தசாரதி. இங்கே ஒளியமைப்பும் இயக்கமும் தனித்தனிப் பாடங்கள். சொதப்பினால் டிக்கெட் வாங்கிய யாரும் திட்டப்போவதில்லை; அதுவே வசதி, அதுவே குறையும்கூட. முதுகலைக்குப் போக முதலில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியோ, பட்டத்தோடு நாடகங்களில் பங்கேற்ற அனுபவத்தையும் கேட்கிறது. நீச்சல் தெரிந்தவரைத்தான் குளத்தில் இறக்குவோம் என்கிற கதைதான். ஆனாலும் அந்த நிபந்தனை நியாயமானது.

அந்த அனுபவத்தைத் தருபவை நாடகக் குழுக்கள். ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை இதற்குப் பெயர்பெற்றது. சினிமா நடிகர்கள் பசுபதியும் குரு சோமசுந்தரமும் அங்கிருந்து வந்தவர்கள். சினிமாவுக்கு ஏணியாக நினைத்துக் குழுக்களில் சேர்பவர்கள் பாதியிலேயே சலித்துப்போகிறார்கள். புதிதாகச் சேர்பவருக்கு வேடம் உடனே கிடைக்காது. தரை பெருக்க வேண்டும், தட்டி தூக்க வேண்டும், யாருக்கோ உடை எடுத்துக் கொடுக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் எது எப்போது நடக்கிறது என்பது அப்படித்தான் பிடிபடும். எந்தப் பாடத்திட்டத்திலும் இது இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

ஜமாவின், அதாவது ஊர் ஊராகப் போய்த் தெருக்கூத்து ஆடும் குழுவின், கதையே வேறு. காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்து ஊர்களில் மகாபாரதக் கதையை ஒட்டி நடக்கும் பாரதத் திருவிழாக் காலத்தில் இரவு முழுக்க ஆட்டம். நடிகர் தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசிக்கொள்கிறார். தோளிலும் மார்பிலும் அணியும் கட்டைகள் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தவை. முகவீணை என்ற ஊதுகுழலுக்கும் மத்தளத்துக்கும் மேலே குரல் எழ வேண்டும்; விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொருகும் ஊர்க்காரர்களைக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சிரிக்கவைத்தாக வேண்டும். பார்வையாளர்களைப் பற்றி இதைவிடக் கடுமையான வகுப்பு எனக்குத் தெரியாது. ஆனால் வாத்தியாரிடம் பாடத்திட்டம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். தேர்வு நேரமும் திருவிழாவும் மோதும். பெண்களுக்கு ஜமாவுக்குள் இடம் கிடைப்பது நெடுங்காலமாகக் கடினம். புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் நடத்திய குருகுலம் 2002 முதல் சிறுமிகளுக்கும் பள்ளிப் படிப்போடு கூத்தைக் கற்றுத்தந்தது. 2020இல் அது மூடப்பட்டது பெரிய இழப்பு.

வீதி நாடகக் குழுக்களுக்குச் செலவே இல்லை. கருத்தும் குரலும் கூர்மையாகும், ஒளியமைப்பு மட்டும் வராது.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருப்பவர் என்னிடம் கேட்டால், வார இறுதியில் ஒரு குழு, கோடையில் ஒரு மாதமாவது ஜமாவின் பின்னால் அலைச்சல் என்றுதான் சொல்வேன். அதன் பிறகும் ஆசை தணியாவிட்டால் புதுச்சேரிக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டாரிடம் காட்ட ஒரு பட்டமும் அங்கேதான் கிடைக்கும்.