பழைய பனங்கையா, புதுத் தேக்கா?

ஓட்டு வீடு கட்டப்போகிறேன் என்றதும் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "காசு பத்தலையா தம்பி?" காசு பத்தாததும் ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் வேப்பமரத்தடியில், திண்ணையும் தாழ்வாரமுமாக, சித்திரை வெயிலிலும் பகலில் படுத்துத் தூங்கக்கூடிய வீடு ஒன்று வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கான்கிரீட் வேண்டாம் என்று முடிவான பிறகு, கூரைக்கு எந்த மரம் என்ற கேள்விதான் மிஞ்சியது. இரண்டு வழி இருந்தது. ஒன்று, பிரித்த வீடுகளில் கிடைக்கும் பழைய பனங்கை, அதாவது ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டம்; சுருக்கமாகக் கை என்போம். இன்னொன்று, பட்டா நிலத்தில் வளர்ந்த புதுத் தேக்கு. நான் பனங்கை போட்டேன். மச்சான் அதே வருடம் தேக்குப் போட்டார். நாலு மழைக்காலமாக இரண்டு கூரைகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அழகில் தேக்குதான், பேச்சே இல்லை. ஆசாரிக்கும் அதுதான் பிடிக்கும். இழைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். விலையில் பனங்கைதான். மச்சான் தேக்குக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட எனக்கு ஆகவில்லை. சூடு, குளிர்ச்சி விஷயத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டு கூரையிலும் மேலே இருப்பது ஒரே சீமை ஓடு.

பழைய பனங்கை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அறுபது எழுபது வருடம் நின்ற பனையில்தான் உருப்படியாக வைரம், அதாவது கெட்டியான பாகம், ஏறியிருக்கும் என்பார்கள் ஆசாரிகள். என் கூரைக்காக அப்படி நிற்கும் மரங்களைச் சாய்க்க மனசு வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்டவர்கள் நிறையப் பேர். பிரித்த பனங்கைகள் வேலியோரம் கிடந்து, கடைசியில் செங்கல் சூளைக்கு விறகாகப் போய்க்கொண்டிருந்தன. தாத்தா காலத்து மரம் சூளையில் எரிவதைப் பார்க்க வயிறு எரிந்தது. நாலு வீடுகளில் பேசி வாங்கினேன். "இது எங்க நடு வீட்டுல கிடந்தது" என்று ஒரு ஆயா தடவிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற விட்டார்.

பனையில் வைரம் வெளிச்சுற்றில் இருக்கும், நடுவில் சோறு என்கிற மெத்தென்ற பாகம். தேக்கில் நேர் எதிர்: வெளியே வெள்ளை என்கிற வைரம் ஏறாத பாகம், உள்ளே வைரம். தேக்கைக் கரையான் தொடாது என்கிறார்களே, அது வைரத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. இருபது வயதுத் தோட்டத் தேக்கில் வெள்ளை கணிசமாக இருக்கும். வியாபாரி மெருகு ஏற்றிக் காட்டும்போது அது கண்ணில் படாது. மச்சான் வாங்கிய மரம் போதிய அளவு காயவும் இல்லை. முதல் கோடையிலேயே இரண்டு சட்டங்கள் முறுக்கிக்கொண்டு அந்த வரிசையில் ஓடு தூக்கிவிட்டது. அறுபது வருடம் கூரையில் கிடந்த பனைக்கு இனி காய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆனாலும் நான் தீர்மானித்தது இதையெல்லாம் வைத்து இல்லை. பழுதானால் ஒரு கையை மட்டும் உருவி எடுத்து மாற்ற முடியுமா என்பதுதான் என் கேள்வி. அதையும் நான் பட்டுத்தான் கற்றேன். சமையலறைப் பக்கம் மட்டும், உறுதியாக இருக்கட்டும் என்று, கைகளின் நுனியைச் சுவருக்குள் விட்டுச் சிமெண்டு வைத்துப் பூசச் சொன்னேன். "நுனிக்குக் காத்து வேணும் தம்பி" என்றார் ஆசாரி. கேட்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அந்தச் சுவரில் கரையானின் மண்கோடு ஏறியது. தட்டிப் பார்த்தால் மூன்று கைகளின் நுனி பொத்தல். மற்ற பக்கங்களில் நுனி சுவர்மேல் வெளியே தெரிகிறபடி கிடந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

சரி, மாற்றினோம். ஓட்டைப் பிரித்து, சிமெண்டைக் கொத்தி, மூன்றையும் உருவி, கொட்டிலில் மிச்சம் வைத்திருந்ததில் மூன்றை ஏற்றி, மறுபடி ஓடு அடுக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. ஆசாரியும் நானும் எதிர்வீட்டு அண்ணனும், அவ்வளவுதான் ஆள். மச்சான் வீட்டில் அப்படி முடியவில்லை. சட்டங்களுக்கு அடியில் பலகை அடித்து மட்டமாக மூடிவிட்டார்கள். முறுக்கியதை எடுக்கப் பலகையைப் பெயர்க்க வேண்டும். அதே அளவு, அதே நிற மரமும் தேட வேண்டும். ஒரு வருடமாக அந்த ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள்தான் செருகியிருக்கிறது. இதில் தேக்கின் குற்றம் பாதிதான், மூடிய விதம் பாதி. ஆனால் விலை கொடுத்து வாங்கிய மரத்தை மூடி அழகு பார்க்கத்தான் தோன்றும். பனங்கையை யாரும் மூடுவதில்லை, அதனால் எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

பனையின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஆணி இறங்காது, துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். இழைப்புளி ஒரு நாளைக்கு மூன்று தடவை மழுங்கியது. சிலாம்பு ஏறினால் இரண்டு நாள் கை வலிக்கும். ஆதனக்கோட்டைப் பக்கத்திலிருந்து முந்திரிக்கொட்டை எண்ணெய் வாங்கிப் பூசினேன். கையுறை இல்லாமல் தொட்டதில் தோல் வெந்துபோனது. புயலைப் பற்றி மட்டும் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். கஜாவில் ஊரில் பல கூரைகளில் கை நின்றது, ஓடு பறந்தது. என் கூரை இன்னும் அப்படி ஒரு காற்றைப் பார்க்கவில்லை. நாலு வருடத்தை வைத்து நாற்பது வருடத்துக்குச் சான்று கொடுக்கவும் முடியாது. குரங்கு வருகிற ஊர் என்றால் எந்த மரம் போட்டாலும் ஓடு உடையும், அது தனிக்கதை.

நன்றாக முற்றிய, காய்ந்த, வெள்ளை நீக்கிய தேக்கு வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இருக்கிறவர்கள் அதையே போடலாம், அடியில் மூடாமல். மற்றவர்கள் பனங்கை வாங்குவதானால் தேவைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு சேர்த்து வாங்கி வையுங்கள். என் கொட்டிலில் இன்னும் ஒன்பது கிடக்கிறது. எதிர்வீட்டு அண்ணன் ஆட்டுக்கொட்டகைக்கு இரண்டு கேட்டிருக்கிறார். ஓடு பிரித்துக் கொடுத்த ஆளுக்கு எப்படி இல்லை என்பது?