மினி பிசிக்கு எந்த எஸ்எஸ்டி? சாட்டாவா, என்விஎம்இயா?

மினி பிசியின் அடிமூடியைக் கழற்றினால் உள்ளே எம்.2 ஸ்லாட் (மெல்லிய பட்டை போன்ற கார்டைச் செருகும் இடம்) ஒன்று காலியாக இருந்தது. கையில் இருந்த எம்.2 எஸ்எஸ்டியை, அதாவது சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவை, செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் முடுக்கியாயிற்று. பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளில்) போய்ப் பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்து அரைநாளை வீணடித்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது சாட்டா என்ற பழைய இணைப்பு வகை, அந்த ஸ்லாட்டுக்கு வந்ததோ அதைவிட வேகமான பிசிஐஇ இணைப்பு மட்டும்.

எம்.2 என்ற பெயர் உருவத்தைத்தான் சொல்கிறது. அந்த ஸ்லாட்டில் சாட்டா ஓடுமா, பிசிஐஇ வழியாகப் பேசும் வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இ ஓடுமா, இரண்டுமா என்பது மதர்போர்டைப் பொறுத்தது. எஸ்எஸ்டியின் முனையில் உள்ள வெட்டு (இதைத்தான் கீ என்பார்கள்) கொஞ்சம் துப்பு கொடுக்கும். எம் கீ வெட்டு மட்டும் இருந்தால் அநேகமாக என்விஎம்இ. பி, எம் இரண்டு வெட்டும் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஆனால் இரண்டே லேனில் (பிசிஐஇயில் தகவல் போகும் தடத்தில்) ஓடும் சில என்விஎம்இகளும் இப்படி வரும். இரட்டை வெட்டு எஸ்எஸ்டி பி ஸ்லாட்டிலும் நுழையும், எம் ஸ்லாட்டிலும் நுழையும். நான் ஏமாந்தது இங்கேதான். வெட்டை நம்புவதைவிட மினி பிசியின் மேனுவலை நம்பலாம்.

சரி, இரண்டுமே ஓடும் ஸ்லாட் என்றால் எதை வாங்குவது? சாட்டா நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். பிசிஐஇயின் 3.0 தலைமுறை, நான்கு லேன் என்றால் 3,500 வரை, 4.0 என்றால் 7,000ஐ ஒட்டி. காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் பிரௌசரும் எக்செலும் திறப்பவருக்கு அது கண்ணில் படுவதே அபூர்வம். பெரிய வீடியோ கோப்புகளை இங்குமங்கும் நகர்த்துபவருக்குத்தான் உறைக்கும். அப்புறம், சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஸ்லாட்டுக்கு ஒன்றோ இரண்டோ லேன்தான் கொடுத்திருப்பார்கள். 4.0 எஸ்எஸ்டி 3.0 ஸ்லாட்டில் ஓடும், 3.0 வேகத்தில். அங்கே விலை உயர்ந்ததை வாங்குவது வீண்.

சூட்டையும் மறக்கக் கூடாது. காற்றோட்டம் குறைந்த பெட்டியில் வேகமான என்விஎம்இ சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் 2.5 அங்குல இடம் இருக்கும் மினி பிசியில், வெறும் கோப்புகளைச் சேமிக்க, 7 மிமீ தடிமன் உள்ள சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே எனக்குப் பிடிக்கும். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழந்துவிடும்.

நீளம் எளிய விஷயம்தான். 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242, 2230 எல்லாம் அதே கணக்கு. ஸ்க்ரூ போடும் இடத்தை அளந்துவிட்டால் போதும்.

வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு அடாப்டர் வழியாக அந்த ஈ கீ ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டுபவர்களும் உண்டு. பெரும்பாலும் ஒரே லேன்தான் கிடைக்கும், வைஃபையும் போய்விடும். வேறு வழியே இல்லாதவருக்கு மட்டும். பழைய கணினிகளில் இன்னொரு சிக்கல்: பயாஸுக்கு என்விஎம்இ தெரியாவிட்டால் விண்டோஸ் அதைக் கூடுதல் டிரைவாகக் காட்டும், அதிலிருந்து பூட் ஆகாது.

மூடியையே கழற்ற மனமில்லாதவருக்கு யுஎஸ்பி இருக்கிறது. 10 ஜிபிபிஎஸ் போர்ட்டில் என்விஎம்இ என்றால் நொடிக்கு 1,000 எம்பி பக்கம் வரும், உள்ளே மாட்டிய சாட்டாவைவிட அதிகம். அன்று மினி பிசி கண்டுகொள்ளாத எஸ்எஸ்டி இப்போது யுஎஸ்பி என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்கும் சின்ன உறை) ஒன்றுக்குள்தான் இருக்கிறது. அந்த என்க்ளோஷர்களிலும் என்விஎம்இ மட்டும், சாட்டா மட்டும், இரண்டும் என்று மூன்று ரகம். இந்த முறை அட்டையில் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்த பிறகே வாங்கினேன்.