லிங்ஷி காளானா, அஞ்சறைப் பெட்டியா: ஒவ்வாமைக்கு எது கைகொடுக்கும்?

செட்டிநாட்டு வீடுகளில் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, முன்னோர் வழிபாடான படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. பட்டாலையையும் இரண்டாம் கட்டையும் கூட்டத் தொடங்கியதும் தூசிப்பூச்சியின் கழிவு, பூஞ்சை வித்து, வௌவால் எச்சத்தின் பொடி எல்லாம் ஒருசேரக் கிளம்பி, பங்காளிகளில் நாலைந்து பேரையாவது விடாமல் தும்ம வைத்துவிடும். மலேசியாவிலிருந்து வந்தவர் லிங்ஷி என்னும் சீன மருத்துவக் காளானின் மாத்திரையை நீட்டுவார். வீட்டு ஆச்சியோ மஞ்சளும் மிளகும் கருஞ்சீரகமும் இருக்க இதெல்லாம் எதற்கு என்பார். இரண்டு பக்கமும் இயற்கையின் பெயரைச் சொல்வதால், இரண்டையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: ஒவ்வாமையின் எந்தக் கட்டத்தை இது தடுக்கிறது, அது மனிதரிடம் காட்டப்பட்டிருக்கிறதா?

1966-இல் இஷிசாகா தம்பதியர் அடையாளம் கண்ட ஐஜிஇ எதிர்ப்பொருள், மூக்குச் சவ்விலும் தோலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் அமர்ந்திருக்கிறது. தூசியின் புரதம் அதில் ஒட்டியவுடன் அச்செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியே கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் சில நிமிடங்களில் வருவது இதனால்தான். சில மணி நேரம் கழித்து வரும் மூக்கடைப்புக்கு வேறு செல்கள் கூடி உண்டாக்கும் அழற்சியே காரணம். ஆகவே முதல் கட்டத்தை அடக்கும் பொருள் இரண்டாவதையும் அடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

லிங்ஷியின் தரப்பில் சொல்லத் தக்க வேதியியல் இருக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுத்த கனோடெரிக் அமிலங்கள் சி, டி ஆகியவை எலியின் மாஸ்ட் செல்களிலிருந்து ஹிஸ்டமின் வெளிவருவதைக் குறைத்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 1985-இல் காட்டினார்கள். ஆனால் அந்தச் சோதனைக்குழாய் முடிவை மனிதரின் மூக்கொவ்வாமையில் பெரிய அளவில் உறுதிசெய்த ஆய்வு எதுவும் இதுவரை வரவில்லை. இன்னொரு சிக்கலை வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. இந்த அமிலங்கள் சாராயத்தில் நன்கு கரைபவை. வெந்நீரில் இறங்குவது பெரும்பாலும் பாலிசாக்கரைடு என்னும் கூட்டுச் சர்க்கரை, அதுவோ எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள். டப்பாவின் மேல் பாலிசாக்கரைடு விழுக்காட்டை மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால், ஒவ்வாமைக்காக அதை வாங்குவதில் பொருளில்லை. கனோடெரிக் அமிலங்களுக்குக் கசப்பு உண்டு என்பதால், சர்க்கரை கலந்து இனிக்கும் லிங்ஷி காப்பியில் அவை எவ்வளவு இருக்கும் என்பதையும் ஊகித்துக்கொள்ளலாம்.

லிங்ஷி சேர்ந்த இதே கனோடெர்மா பேரினம்தான் தென்னையைத் தாக்கித் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குகிறது. தோப்பில் பட்ட மரத்தின் அடியில் பழுப்பாகத் தகடு தகடாய் நிற்கும் காளானைக் கண்டு, காசில்லாமல் மருந்து கிடைத்தது என்று வெட்டிக் காய்ச்சுவது வேண்டாம். வகை தெரியாது என்பதோடு, கனோடெர்மாவின் வித்துகளே காற்றில் பரவி ஒவ்வாமையைத் தூண்டக் கூடியவை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் கடையில் விற்கும் லிங்ஷியையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சாகா என்னும் பிர்ச் மரக் காளானில் ஆக்சலேட் மிகுதி. அதனால் சிறுநீரகம் கெட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

அஞ்சறைப் பெட்டியின் நிலை சற்று மேல், ஆனால் ஆச்சி நினைக்கும் அளவுக்கு அல்ல. ஆண்டு முழுவதும் மூக்கொவ்வாமை உள்ள 241 பேரிடம் இரண்டு மாதம் மஞ்சளின் சத்தான குர்குமின் கொடுத்து நடந்த ஆய்வு, தும்மலும் மூக்கடைப்பும் குறைந்ததாக 2016-இல் வெளியானது. குழம்பில் போடும் மஞ்சளில் குர்குமின் சில விழுக்காடுதான், அதிலும் குடல் ஏற்பது சொற்பம். மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ந்தபோது அந்த ஏற்பு 20 மடங்கு கூடியதாக 1998-இல் இந்திய ஆய்வு ஒன்று காட்டியது உண்மையே. ஆயினும் மிளகுச் சாறு சேர்ந்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருப்பதால், சமையலில் சேர்ப்பதையும் மாத்திரையாக விழுங்குவதையும் ஒன்றெனக் கொள்ள முடியாது. கருஞ்சீரகத்தின் தைமோகுயினோனுக்குச் சிறு ஆய்வுகளே துணை. சின்ன வெங்காயத்தின் குவர்செடின் சோதனைக்குழாயில் மாஸ்ட் செல்லை நன்றாகவே அடக்குகிறது. உடம்பில் ஏறுவது குறைவு.

மனிதரிடம் மருந்தோடு நேருக்கு நேர் மோதிப் பார்த்த தாவரம் ஐரோப்பாவின் பட்டர்பர். 2002-இல் 125 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில் அது ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரையான செட்டிரிசினுக்கு ஈடாக நின்றது. அதே செடியில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு, அவற்றை நீக்கிய சாற்றையே சோதித்தார்கள். இயற்கைப் பொருளின் உண்மையான வெற்றியாக நான் கருதுவது, அம்மி விஸ்னாகா என்னும் செடியின் கெல்லின் என்னும் பொருளை மாற்றியமைத்து உருவான குரோமோகிளைகேட் மருந்து. ஆஸ்துமா நோயாளியான மருத்துவர் ரோஜர் ஆல்டூன்யான், 1960-களில் தம் உடம்பிலேயே சோதித்து அதைக் கண்டறிந்தார். மாஸ்ட் செல்லை அடக்குவதாக லிங்ஷி சொல்லிக்கொள்ளும் வேலையை, அளவு தெரிந்து செய்வது இம்மருந்துதான்.

எனவே ஊருக்குப் போகுமுன் இப்படித் திட்டமிடலாம். மூக்கடைப்பு வழக்கமாக வருபவர், மருத்துவரிடம் கேட்டு ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானைச் சில நாட்கள் முன்பே தொடங்குவது நல்லது, ஏனெனில் அதன் முழுப் பலன் மெதுவாகவே வரும். தும்மலுக்குச் செட்டிரிசின் போதும். தூக்கம் வரலாம், ஆகவே காரோட்டும் நாளில் எச்சரிக்கை தேவை. வீட்டைக் கூட்டுபவர் முகக்கவசம் அணிந்து, உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மஞ்சளும் மிளகும் சாப்பாட்டில் வழக்கம்போல் இருக்கட்டும். லிங்ஷிக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல முகக்கவசங்கள் வாங்கலாம் என்பதே என் கருத்து.

ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். தூசிப்பூச்சியிலும் இறால், நண்டிலும் டிரோபோமயோசின் என்னும் ஒத்த புரதம் இருப்பதால், தூசி ஒத்துக்கொள்ளாத சிலருக்கு நண்டு மசாலாவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சாப்பிட்டவுடன் நாக்கோ தொண்டையோ வீங்கி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால், காளானையும் கஷாயத்தையும் தேடாமல், செட்டிரிசினை விழுங்கிக் காத்திருக்கவும் செய்யாமல், அட்ரினலின் ஊசி கிடைக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.