ஹஸ்கி இன நாய்க்குட்டிக்குச் சாப்பாடு வாங்கின கடை
திருகோணமலைச் சந்தைப் பக்கம் இருக்கிற இந்தச் செல்லப்பிராணிக் கடையில் நாய்ச் சாப்பாடு வகைவகையாக உண்டு, ஆனால் அதில் பாதிக்கு மேல், வளர்ந்த நாய்க்கானது. அதனால் குட்டிக்கானதா, புரதம் 22 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பையைத் திருப்பி நீங்களேதான் பார்க்க வேண்டும். துத்தநாகச் (zinc) சத்தும் முக்கியம். அது போதாமல் போனால் ஹஸ்கிக்குக் கண்ணையும் வாயையும் சுற்றி முடி கொட்டிப் பொருக்குக் கட்டும். கடைக்கார அண்ணா கல்சியம் தூளையும் தலையில் கட்டப் பார்த்தார். வேண்டாம் அண்ணா என்றேன். நல்ல குட்டிச் சாப்பாட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது, கூடினால் எலும்புக்குத்தான் கேடு. கிலோக் கணக்கில் அள்ளித் தருகிறதை மட்டும் தொடாதீர்கள், வாய் திறந்த சாக்கு, இந்தக் கடற்காற்றில் நமுத்துப்போய்ச் சிக்கு நாற்றம் அடிக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் திகதி முடிந்த பையை முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.